தேம்ஸ் நதியின் மீன் கணக்கு

1855ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள், பிற்பகல் வேளை. லண்டன் மாநகரில் வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. மின்சாரம், காந்தம் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகளால் உலகப் புகழ் எய்தியிருந்த மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி, தேம்ஸ் நதியில் ஒரு நீராவிப் படகில் ஏறிச் சென்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. நதியின் நிறமும் நாற்றமும் அவர் கருத்தைக் கவர்ந்தன. உடனே தம் பையிலிருந்த வெள்ளை அட்டைகள் சிலவற்றை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார். அவை நீரில் எளிதில் அமிழும்படி நனைத்துக்கொண்டு, படகு நின்ற துறைதோறும் ஒவ்வொன்றாக ஆற்றில் இட்டார். துண்டு ஓர் அங்குல ஆழம் இறங்குவதற்குள் கண்ணுக்கு மறைந்து போயிற்று. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்திலேதான் இப்படி. வீடு திரும்பியதும் அவர் கண்டதைக் கண்டபடியே எழுதி டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார்.

இதைச் செய்யும்படி பாரடேயை யாரும் ஏவவில்லை. இதற்காக அவருக்குக் கூலியும் இல்லை. அவர் கையாண்ட கருவியோ கிழிந்த அட்டைத் துண்டு. ஆயினும் ஒரு மாநகரத்து ஆற்றின் உடல்நிலையை ஒரு தனி மனிதர் தாமாகவே முன்வந்து அளந்து, அளந்ததை ஊரறியச் சொன்ன நிகழ்ச்சி என்ற முறையில் அது நினைக்கத் தக்கது. இன்று நான் சொல்லப் புகுவது இத்தகையோரின் வரலாறே. நதியைக் கெடுத்தவர்களின் கதையும், அதைச் சீர்செய்த பொறியியலாளர்களின் கதையும் பலரால் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் மீன்களை எண்ணியவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. ஆனால் அவர்கள் எண்ணியிராவிட்டால் நதி செத்ததும் பிழைத்ததும் வெறும் வாய்ப்பேச்சாகவே நின்றிருக்கும்.

தேம்ஸ் நதி லண்டனுக்குச் சற்று மேற்கே டெடிங்டன் என்னும் இடத்திலுள்ள தடுப்பணைவரை கடலின் ஏற்ற வற்றத்துக்கு உட்பட்டது. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறத்தாழ ஏழு மீட்டர் உயர்ந்து தாழும். ஆற்றில் விழுந்த ஒரு பொருள் நேரே கடலுக்குப் போய்விடுவதில்லை. வற்றத்தோடு பத்து மைல் கிழக்கே போனால், ஏற்றத்தோடு ஏறக்குறைய அதே தூரம் மேற்கே திரும்பி வந்துவிடும். ஊஞ்சலில் ஏற்றி வைத்த குழந்தையைப் போல ஊரின் அழுக்கெல்லாம் ஊரின் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். மழையில்லாத கோடைக்காலத்தில் அது கடலை எட்டப் பல வாரங்கள் பிடிக்கும். பின்னால் வரும் துன்பங்களுக்கெல்லாம் இந்த ஆட்டமே காரணம் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்த ஆற்றில் ஒரு காலத்தில் சால்மன் என்னும் உயர்ந்த மீன் ஏராளமாக ஏறி வந்தது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த நன்னீர் ஓடையைத் தேடிவரும் மீன் அது. டேப்ளோ ஊருக்கருகில், போல்டர்ஸ் லாக் என்ற இடத்தில் மீன்பிடித்து வந்த ஒரு குடும்பத்தார் ஆண்டுதோறும் தாங்கள் பிடித்த சால்மன்களின் எண்ணிக்கையையும் எடையையும் எழுதி வைத்தார்கள். 1794 முதல் 1821 வரை அந்தக் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. 1801இல் 66 மீன்கள், 1804இல் 62, 1821இல் இரண்டே இரண்டு. வியாபாரத்துக்காக எழுதிய சிட்டைதான் அது. எழுதியவர்கள் ஓர் இனத்தின் மரணச் சான்றிதழை எழுதுகிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். 1833ஆம் ஆண்டுக்குப் பிறகு தேம்ஸில் சால்மன் பிடிபடவில்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி.

காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. படகுப் போக்குவரத்துக்காகக் கட்டிய அணைகள் மீன் ஏறும் வழியை மறித்தன. எரிவாயுத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவை ஆற்றில் விட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் வீடுதோறும் வந்தன. 1815ஆம் ஆண்டுவரை வீட்டுக் கழிவை மழைநீர் வாய்க்காலில் விடுவது குற்றம். அவ்வாண்டில் அது அனுமதிக்கப்பட்டது. நூற்றாண்டின் நடுவில் கட்டாயமே ஆக்கப்பட்டது. வீடுகள் தூய்மையடைந்தன, ஆறு சாக்கடையாயிற்று. அந்த ஆற்று நீரைக் குடித்தவர்கள் காலராவில் மாண்டார்கள். 1858ஆம் ஆண்டுக் கோடையில் எழுந்த நாற்றத்தைப் ‘பெருநாற்றம்’ என்றே வரலாறு குறிக்கிறது. ஆற்றங்கரையில் இருந்த பார்லிமெண்டு மாளிகையின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. பல ஆண்டுகளாக இழுபறியில் கிடந்த சாக்கடைத் திட்டத்துக்கு அதன்பின் சில வாரங்களில் சட்டம் பிறந்தது. மூக்கைத் தொட்டால்தான் சில அரசாங்கங்கள் விழித்துக்கொள்ளும் போலும்!

ஜோசப் பசல்கெட் என்னும் பொறியியலாளர் 82 மைல் நீளத்துக்குப் பெருஞ் சாக்கடைகளைக் கட்டி, நகரத்தின் கழிவையெல்லாம் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் என்ற இரு இடங்களுக்குக் கொண்டுபோனார். அரிய சாதனைதான். ஆனால் கழிவு தூய்மை செய்யப்படவில்லை. வற்றத்தின் போது ஆற்றில் திறந்துவிடப்பட்டது, அவ்வளவே. நோய் நகரத்தை விட்டு அகன்றது. அழுக்கு நகரத்தின் கிழக்கு வாசலுக்கு இடம் பெயர்ந்தது. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ‘பிரின்ஸஸ் ஆலிஸ்’ என்னும் உல்லாசப் படகு அவ்விடத்துக்கு அருகிலேயே வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிற்று. அறுநூறு பேருக்கு மேல் இறந்தனர். சற்று முன்புதான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்ததாம். 1887 முதல் கழிவின் வண்டலை மட்டும் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டலானார்கள். ஆறு சற்றே தேறியது, பொடிமீன்களும் தட்டைமீன்களும் சிறிது சிறிதாகத் திரும்பின. அது நிலைக்கவில்லை. நகரம் பெருத்தது. உலகப் போரில் குண்டுகள் விழுந்து சாக்கடைகளும் நிலையங்களும் சேதமுற்றன. போருக்குப் பின் புதிய சலவைத் தூள்கள் வந்தன. 1950ஆம் ஆண்டு வாக்கில் தேம்ஸ் இரண்டாம் முறையாக வீழ்ந்து கிடந்தது.

இந்த நிலையில்தான் நம் கதையின் முக்கியமான மனிதர் வருகிறார். ஆல்வின் வீலர் என்பது அவர் பெயர். 1929இல் பிறந்த அவர், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பகுதியில் மீன்களை ஆராயும் பணியில் இருந்தார். அத்துடன் லண்டன் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினராகவும் இருந்தார். இந்தக் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் ஹாகர்ஸ்டன் என்னும் பகுதியில் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள் கூடி ஏற்படுத்திய சிறு சங்கம் ஒன்றே அதன் வேர். அது தோன்றிய ஆண்டும் பெருநாற்றம் வீசிய அதே 1858தான். தொழிலால் விஞ்ஞானிகள் அல்லாதவர்கள், ஓய்வு நேரத்தில் பறவையையும் பூச்சியையும் செடியையும் பார்த்துக் குறிப்பெழுதி வருவதே அதன் மரபு. செயின்ட் பால் தேவாலயத்தை மையமாக வைத்து இருபது மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, அதற்குள் வாழும் உயிர்களையெல்லாம் அவர்கள் பதிவு செய்து வருகிறார்கள்.

அந்த வட்டத்துக்குள் இருக்கும் மீன்கள் எவை என்ற கேள்வியை வீலர் எடுத்துக்கொண்டார். பறவையை அண்ணாந்து பார்த்தால் எண்ணிவிடலாம். கலங்கிய ஆற்றின் மீனை எப்படி எண்ணுவது? பழைய நூல்களைப் புரட்ட வேண்டும், தூண்டிற்காரர்களைக் கேட்க வேண்டும், கிடைத்த மீன்களைக் கண்ணால் பார்த்து இனம் அறிய வேண்டும். 1957ஆம் ஆண்டில் அவர் கண்ட முடிவு வருமாறு: மேற்கே கியூ முதல் கிழக்கே கிரேவ்ஸெண்டு வரையில், அதாவது லண்டன் மாநகரத்தின் முழு நீளத்துக்கும் அதற்கு அப்பாலும், விலாங்கைத் தவிர நிலையாக வாழும் மீன் இருப்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அடுத்த ஆண்டில் கழகத்தின் வெளியீட்டிலேயே இது அச்சாயிற்று.

விலாங்கு மட்டும் தப்பியது ஏன் என்று கேட்கலாம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் பழமொழி சொல்லும் அதே உயிர்தான். நீரில் பிராணவாயு குறைந்தால் அது மேற்பரப்புக்கு வந்து காற்றை உறிஞ்சும். ஈரத்தோலாலும் சுவாசிக்கும். மற்ற மீன்களுக்கு அந்த வசதி இல்லை. கழிவை அழிக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த பிராணவாயுவையெல்லாம் உண்டு தீர்த்துவிட்டபின், கோடைக்காலத்தில் ஆற்றின் நெடுந்தூரத்துக்கு அந்த வாயு துளியும் இன்றி, அழுகிய முட்டையின் நாற்றமே மிஞ்சிற்று.

பிற்காலத்துப் பத்திரிகைகள் இந்தக் கண்டுபிடிப்பை ‘தேம்ஸ் செத்துவிட்டது’ என்று சுருக்கிவிட்டன. சுருக்கம் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஆற்றின் சேற்றில் செந்நிறப் புழுக்கள் கோடிக்கணக்கில் நெளிந்தன, நீரில் நுண்ணுயிர்கள் பெருகின. வீலர் சொன்னது மீனைப் பற்றி. அதிலும் ‘சான்று இல்லை’ என்பது அவர் நடை. இந்த அடக்கத்தில் ஒரு பெரிய பயன் இருந்தது. இங்கிருந்து இதுவரை பூஜ்யம் என்று ஒருவர் நாள் குறித்து, எல்லை குறித்து எழுதி வைத்தமையால்தான், பின்னால் வந்த ஒவ்வொரு மீனும் ஒரு செய்தியாயிற்று. அந்தப் பூஜ்யம் எழுதப்படாமல் இருந்திருந்தால், எவனோ ஒருவன் வலையில் ஒரு மீன் சிக்கியபோது, ‘எப்போதும் இருந்ததுதானே’ என்று சொல்லி ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

1950களின் இறுதி முதல் பெக்டனிலும், 1960களின் நடுவில் கிராஸ்னெஸிலும் கழிவுநீரைக் காற்றோடு கலந்து நுண்ணுயிர்களைக் கொண்டே தூய்மை செய்யும் புதிய நிலையங்கள் வேலை செய்யலாயின. நீர் மெல்லத் தெளியத் தொடங்கிற்று. அதற்கான இரசாயன அளவுகள் நிபுணர்களிடம் இருந்தன. மீன் என்ன சொல்கிறது? அதை அறியும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

தேம்ஸின் இரு கரைகளிலும் அக்காலத்தில் மின்சார நிலையங்கள் வரிசையாக நின்றன. நிலக்கரியை எரித்து நீராவி உண்டாக்கி, அதனால் யந்திரத்தைச் சுழற்றியபின், அந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க வேண்டும். அதற்கு ஆற்று நீரை இடைவிடாமல் இறைப்பார்கள். ஆற்று நீரோடு கட்டை, கந்தல், காகிதம், செத்த நாய் என்று எல்லாம் வரும். அவை குழாய்களுக்குள் புகாதபடி சுழலும் பெரிய சல்லடைகளை வாயிலில் அமைத்திருந்தார்கள். சல்லடையில் ஒட்டியதைப் பீய்ச்சு நீரால் கழுவித் தொட்டியில் தள்ளுவது அங்குள்ள தொழிலாளரின் அன்றாட வேலை. 1960களின் நடுவில் வெஸ்ட் தரக் நிலையத்தில் அந்தக் குப்பையோடு ஒரு மீன் வந்து விழுந்தது. பெரிய தலையும் குறுகிய வாலுமாகத் தவளைக் குஞ்சைப் போல இருப்பதால் தலைப்பிரட்டை மீன் என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். அது கடல் மீன். அதைக் குப்பையோடு குப்பையாகத் தள்ளிவிடாமல் எடுத்து வைத்ததே பெருங்காரியம்.

வீலருக்கு உடனே பொறி தட்டிற்று. ஆற்றில் வலை வீச வேண்டிய அவசியமே இல்லை. நகரம் தன் விளக்கெரிப்பதற்காக இரவும் பகலும் தானே வலை வீசிக்கொண்டிருக்கிறது! அந்த வலையில் விழுவதைப் பார்க்க ஆள் வேண்டும். அவ்வளவுதான். மேற்கே ஃபுல்ஹாம் முதல் கிழக்கே டில்பரி வரை ஆற்றோரத்து நிலையங்களோடு அவர் தொடர்பு கொண்டார். சல்லடையில் அகப்படும் மீன்களை எடுத்து வைத்து, எந்த நாள் என்று குறித்து, தமக்குத் தெரிவிக்கும்படி வேண்டினார். கரியும் எண்ணெயும் படிந்த கைகளோடு, முறை மாறி மாறி இராவேலை பார்த்த தொழிலாளர் அதை ஏற்றுக்கொண்டார்கள். யந்திரத்தைக் கவனிப்பது அவர்களுடைய கடமை. மீனைக் கவனிப்பது கடமையில் சேராது. ஆயினும் கவனித்தார்கள்.

இந்த முறைக்கு முன்னோடி நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1935ஆம் ஆண்டில் செல்சீ பகுதியிலுள்ள லாட்ஸ் ரோடு மின்சார நிலையத்தின் சல்லடையில் ஒரு விசித்திரமான நண்டு அகப்பட்டது. அதன் கொடுக்குகளில் கம்பளிக் கையுறை அணிந்ததுபோல மயிர் அடர்ந்திருந்தது. சீனத்து நண்டு அது. கப்பல்களின் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கும் வந்திருந்தது. இந்நாளில் தேம்ஸின் கரையைக் குடைந்து பெருந்தொல்லை கொடுக்கும் அந்த நண்டு, அந்த நாட்டிற்கு வந்து சேர்ந்த செய்தியை முதலில் அறிவித்ததும் ஒரு சல்லடைதான்.

சல்லடைக் கணக்கில் குறைகளும் இல்லாமல் இல்லை. வலிமையோடு நீந்தும் மீன் இழுப்பிலிருந்து தப்பிவிடும். சிறியதும் சோர்ந்ததும் அகப்படும். குளிர்காலத்தில் மின்சாரத் தேவை மிகுதி, நீர் மிகுதியாக இறைக்கப்படும், மீனும் மிகுதியாக வரும். அதைக் கண்டு ஆற்றில் மீன் பெருகிவிட்டதாக மயங்கக் கூடாது. இன்னொரு முரணும் உண்டு. நிலையங்கள் வெந்நீரை மீண்டும் ஆற்றிலேயே விட்டன. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆற்றை நோயுறச் செய்தவற்றில் ஒன்றே அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கவும் உதவிற்று!

குறைகள் இருந்தும் செய்தி தெளிவாகவே வந்தது. ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீண்டது. தட்டைமீன் வந்தது, வெள்ளரிக்காய் மணம் கமழும் ஸ்மெல்ட் என்னும் வெள்ளி நிற மீன் வந்தது, ஹெர்ரிங், வைட்டிங் முதலிய கடல் மீன்கள் வந்தன. கடற்குதிரையும் வந்தது. முதலில் கிழக்குப் பக்கத்து நிலையங்களில் தோன்றிய இனங்கள் பின்னர் மேற்குப் பக்கத்திலும் தோன்றின. அதைப் பார்த்தவர்களுக்கு, இருட்டு வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கேற்றிக்கொண்டு யாரோ உள்ளே வருவது போல இருந்திருக்கும். வீலர் இவற்றையெல்லாம் தொகுத்து 1969இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாகவும், 1979இல் தேம்ஸையும் அதன் மீன்களையும் பற்றிய தனி நூலாகவும் வெளியிட்டார்.

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அதே வெஸ்ட் தரக் நிலையத்தின் சல்லடையில் எட்டுப் பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு மீன் கிடைத்தது. சால்மன்! 1833க்குப் பிறகு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த முதல் சால்மன். நாடு முழுவதும் பத்திரிகைகள் கொண்டாடின. போல்டர்ஸ் லாக்கின் பழைய சிட்டையில் இரண்டோடு நின்றுபோன கணக்கின் அடுத்த வரியை ஒரு மின்சாரத் தொழிலாளி எழுதினார் என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆனால் அந்தச் சால்மனைப் பற்றி முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உற்சாகம் மிகுந்து, 1979 முதல் சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விட்டு வளர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. 1993இல் 338 மீன்கள் திரும்பி வந்ததாகக் கணக்கு. அப்புறம் குறைந்துகொண்டே போயிற்று. 2011இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று, அண்மையில் தேம்ஸில் அகப்பட்டவை அங்கே விடப்பட்ட குஞ்சுகளின் வழி வந்தவை அல்ல, தென் இங்கிலாந்தின் வேறு ஆறுகளிலிருந்து வழி தவறி வந்தவையே பெரும்பாலும் என்று காட்டிற்று. குஞ்சு விடும் திட்டமும் நின்றது. வேண்டியதைக் காட்டும் எண்ணை மட்டும் ஏற்று, வேண்டாததைத் தள்ளுவது கணக்காகாது. கசப்பானாலும் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும், அங்கே எழுதினார்கள்.

பின்னர் எதிர்பாராத ஒரு நட்டம் நேர்ந்தது. பழைய நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஃபுல்ஹாம் 1978இல், பாட்டர்ஸீ 1983இல், வெஸ்ட் தரக் 1993இல். புகை குறைந்தது, வெந்நீர் குறைந்தது, நதிக்கு நன்மையே. ஆனால் சல்லடைகளும் நின்றன. இரவும் பகலும் விழித்திருந்த கண்கள் மூடின. அரசாங்க நிபுணர்கள் குறிப்பிட்ட காலங்களில் வலை வீசிப் பார்ப்பது தொடர்ந்தது என்றாலும், ஆண்டில் சில நாள் பார்ப்பதும் அன்றாடம் பார்ப்பதும் ஒன்றாகா.

அந்த இடத்தை நிரப்ப இப்போது வேறொரு வகைத் தொண்டர்கள் வந்திருக்கிறார்கள். எண்ணத் தகுந்தது என்று அவர்கள் முதலில் தேர்ந்துகொண்டது, முன்பு தன்னந்தனியாகத் தாக்குப்பிடித்த அந்த விலாங்கையே! காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். எல்லா மீனும் போன இடத்தில் தங்கியிருந்த விலாங்கு, எல்லா மீனும் திரும்பி வந்தபின் மறையத் தொடங்கிற்று. 1980கள் முதல் ஐரோப்பா முழுவதிலும் ஆறுகளுக்கு வந்து சேரும் விலாங்குக் குஞ்சுகளின் தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அற்றுப்போகும் தறுவாயில் உள்ள இனங்களின் பட்டியலில் 2008இல் அது சேர்க்கப்பட்டது.

ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அக்கரையில், சர்காசோ என்னும் கடற்பகுதியில் முட்டையிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அங்கிருந்து இலைபோன்ற சிறு குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐரோப்பியக் கரையை அடைகின்றன. அப்போது அவை கண்ணாடி இழைபோல ஒளி ஊடுருவும் உடலுடன் இருக்கும். பிறகு கருத்து, ஆறுகளில் ஏறி, பாசி படர்ந்த ஈரச் சுவரிலும் நெளிந்து நெளிந்து மேலே போகும். தேம்ஸோடு வந்து கலக்கும் பிரெண்ட், ரோடிங், வாண்டில், ஹாக்ஸ்மில் முதலிய சிற்றாறுகளின் அணைகள் அவற்றுக்குத் தடை. லண்டன் விலங்கியல் கழகத்தார் 2005 முதல் இந்த அணைகளின் அருகே பொறி வைத்து அவற்றை எண்ணி வருகிறார்கள். 2011 முதல் அந்தந்தப் பகுதி மக்களையே பயிற்றி அந்த வேலையில் ஈடுபடுத்தினார்கள்.

பொறி என்றால் கொல்லும் பொறி அன்று. சாய்வான குழாய் ஒன்றில் தூரிகை மயிர்போன்ற பொருளைப் பரப்பி, அதன்மேல் நீர் கசியும்படி செய்கிறார்கள். ஈரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் குஞ்சு மேலேயுள்ள பெட்டியில் வந்து விழும். ஏப்ரல் முதல் இலையுதிர் காலம்வரை தொண்டர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்து, குஞ்சுகளைத் தட்டில் விட்டு, நீளம் அளந்து எழுதி, அணைக்கு மேற்புறம் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரு பக்கம் ரயில் பாலம், ஒரு பக்கம் கிடங்குகள், தலைக்கு மேலே விமானங்கள். நடுவில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தீக்குச்சிப் பருமனுள்ள ஓர் உயிரை அளவுகோலில் நீட்டி வைக்க முயல்பவர்களைக் கற்பனை செய்து பாருங்கள். அது அடங்கிக் கிடக்குமா? ‘விலாங்கு போல நழுவுகிறான்’ என்று நாம் சொல்வதன் பொருள் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கினால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். குஞ்சுகள் எந்த அணையின் கீழே தேங்கி நிற்கின்றன என்று தெரிந்ததால், எங்கெங்கே ஏறுவழி அமைக்க வேண்டும் என்று சுட்டிக் காட்ட முடிந்தது. கிரேன் என்னும் மற்றொரு சிற்றாற்றின் கதை இன்னும் அழுத்தமானது. 2011இல் கழிவுநீர் பாய்ந்து அந்த ஆற்றில் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. 2014 முதல் அக்கரைவாசிகள் மாதந்தோறும் ஆற்றில் இறங்கி, அடிக்கல்லைக் காலால் கிளறிப் பூச்சிப் புழுக்களை வலையில் ஏந்தி எண்ணுகிறார்கள். மீனுக்கு இரையாவதும் அழுக்குக்கு முதலில் மாள்வதும் அவையே. எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அதிகாரிகளுக்குச் செய்தி போகும். இப்படித் தேடிக்கொண்டு போனதில், எங்கோ ஒரு தெருவில், துணி துவைக்கும் யந்திரத்தின் கழிவுக் குழாயைச் சாக்கடையோடு இணைக்காமல் மழைநீர்க் குழாயோடு இணைத்துவிட்ட வீடுகள் அகப்பட்டன. வீட்டுக்காரருக்கே தெரியாத பிழை. வீட்டுக் கழிவை மழைநீர் வாய்க்காலில் விட்டதில் தொடங்கிய கேடு, இரு நூற்றாண்டு கழித்தும் அதே வழியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

பசல்கெட் கட்டிய சாக்கடைகளில் மழைநீரும் கழிவும் சேர்ந்தே ஓடும். பெருமழை பெய்தால் அவை நிரம்பி ஆற்றில் வழியும். 2004இலும் 2011இலும் அவ்வாறு வழிந்த கழிவு பல்லாயிரம் மீன்களைக் கொன்றது. இதைத் தடுப்பதற்காக ஆற்றின் அடியிலேயே 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருஞ் சுரங்கம் குடைந்தார்கள். 2025 பிப்ரவரியில் அது முழுமையாக இணைக்கப்பட்டது. அதன் பயனை இனிமேல்தான் பார்க்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட மீனினங்கள் இப்போது அங்கே பதிவாகியிருக்கின்றன. சீல்கள் நகரின் நடுவரை ஏறி வருகின்றன. அதே சமயம், 1990களின் தொடக்கத்திலிருந்து மீனினங்களின் எண்ணிக்கை சற்றே சரிந்து வருவதாக விலங்கியல் கழகத்தார் 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஏன் என்பதற்கு உறுதியான விடை அதில் இல்லை. நீர் சூடேறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலாங்குத் தொண்டர்களின் குறிப்பேட்டில் ஒரு விதி உண்டு. பொறியைத் திறந்தபோது குஞ்சு எதுவும் இல்லையென்றால் அந்த நாளை வெறுமையாக விடக்கூடாது. நாளைக் குறித்து, எதிரே பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால், அன்று யாரும் வரவில்லையா, வந்தும் மீன் இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஆகவே கோடைக் காலத்து அதிகாலையில் சேற்றில் இறங்கி, பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு, பூஜ்யம் என்று எழுதிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு அவரவர் தம் வேலைக்குப் போகிறார்கள்.